முகம் தெருவைப் பார்த்து நின்ற கார்

புகை விடும் டர்போ காரை யாராவது என்னிடம் கொண்டுவந்து காட்டினால், பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன். "வீட்டுல காரை எந்தப் பக்கம் பாத்து நிப்பாட்டுறீங்க?" இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. என்னை வாஸ்து பார்ப்பவன் என்று நினைத்துக்கொண்டு, சமையலறையை எந்த மூலையில் வைக்கலாம் என்று விசாரித்தவரும் உண்டு. வேலையை விட்டு ஓய்ந்த பிறகும் இந்தப் பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. போன மாதம் காஜாங்கில் ஒரு கல்யாண விருந்தில், பக்கத்து நாற்காலிக்காரர் தன் கார் புகைவதாகச் சொல்ல, நான் அதே கேள்வியைக் கேட்டுவிட்டு முழுக் கதையையும் ஆரம்பித்துவிட்டேன். பாயசம் ஆறிப்போனது. மேசைக்கு அடியில் என் மனைவி கமலா கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும், "அதை ஒரு தடவை எழுதித் தொலைங்களேன், ஊருல உள்ளவங்க பொழைச்சுப் போவட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது கேரி தீவில், தோட்டத்து டிராக்டர்களுக்கு அடியில் படுத்து. பிறகு கிள்ளானில் லோரி எஞ்சின்கள். எண்பதுகளின் நடுவில் பிரிக்பீல்ட்ஸில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த கார் வொர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கிள்ளானிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிள். மழை பிடித்தால் பாலத்துக்கு அடியில் மற்றவர்களோடு நின்று சிகரெட் குடிப்போம். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தப் பாலத்தடி ஈர வாடைதான்.

அப்போது ஜப்பானிலிருந்து பழைய கார்கள் பாதியாக வெட்டப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கின. மூக்கு முதல் முன் கண்ணாடி வரைக்கும் ஒரு துண்டு. அதற்குள் எஞ்சின், கியர்பாக்ஸ், ஒயர் எல்லாம் இருக்கும். ஹாஃப்-கட் என்போம். சாதுவாக ஓடிக்கொண்டிருந்த குடும்பக் காரின் எஞ்சினை இறக்கிவிட்டு, ஹாஃப்-கட்டில் வந்த டர்போ எஞ்சினை ஏற்றிக்கொள்ளும் பைத்தியம் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு அதுதான் சோறு போட்டது.

டர்போ என்பது, புகைக்குழாய்க்குப் போகும் சூட்டுக் காற்றின் வேகத்தில் சுற்றும் சின்னக் காற்றாடி. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கிக் கொடுப்பது அதன் வேலை. அது சுற்றுகிற சுற்றுக்கு எண்ணெய் இல்லையென்றால் அச்சு கருகிவிடும். எண்ணெய் போகிற குழாயைப் பற்றிக் கவலை இல்லை. பின்னால் பம்ப் நின்று தள்ளுகிறது, எப்படி வளைத்துக் கொண்டுபோனாலும் போய்ச் சேரும். திரும்பி வருகிற குழாய்தான் ஆளைக் கொல்லும். அச்சில் அடிபட்ட எண்ணெய், இழுத்து ஆற்றிய தே தாரிக் தேத்தண்ணி மாதிரி நுரைத்துப்போய் வெளியே வரும். தள்ளிவிட ஆள் கிடையாது. தன் பாரத்தில் தானே இறங்கி, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியான சம்ப்புக்கு வந்து சேர வேண்டும். வழியில் மேடு பள்ளம் இருந்தாலோ, சம்ப்பின் வாயில் எண்ணெய் நின்றாலோ, இறங்க முடியாமல் டர்போவுக்குள்ளேயே தேங்கி, அச்சை அடைத்திருக்கும் 'சீல்' வளையத்தைத் தாண்டிப் புகைக்குழாயில் ஒழுகிவிடும். அப்புறம் அது கார் இல்லை, கொசுவுக்குப் புகை அடிக்கிற வண்டி.

இதை எனக்கு மண்டையில் ஏற்றியவர் எங்கள் சீனப் போர்மேன் ஆ சோங். என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட. கேரி தீவில் அவருடைய அப்பா தோட்டக் கடை வைத்திருந்ததால் சோங் அண்ணனின் தமிழ் அசல் தோட்டத்துத் தமிழ். போனில் கேட்டால் யாரோ கங்காணி வீட்டுப் பிள்ளை என்றுதான் சொல்வீர்கள். வாயில் எப்போதும் உப்புப் போட்ட பிளம் கொட்டை ஒன்று உருண்டுகொண்டிருக்கும். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடாது, மரியாதை கூடும். "டேய் மணியம்" என்றால் எல்லாம் சுகம். வெறும் "மணியம்" என்றால் எங்கேயோ போல்ட் லூசு. "மிஸ்டர் மணியம், நீங்க..." என்று ஆரம்பித்தால் ஒளிந்துகொள்ள இடம் தேட வேண்டியதுதான்.

திரும்பும் குழாய்க்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். பழைய பேரிங்கை உடைத்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்று அவர் சட்டைப் பையில் இருக்கும். குழாயை அதன் இடத்தில் கட்டிய பிறகு, டர்போ பக்கத்து வாயை மட்டும் சற்று விலக்கிப் பிடிக்கச் சொல்வார். மறுமுனையில் சம்ப்பிலிருந்து ஹோஸைக் கழற்றி, அதே உயரத்தில் பிடித்து, அடியில் காலி பால் டின்னை வைப்பார். மேலே குண்டைப் போடுவார். யாரும் குழாயை ஆட்டக் கூடாது, தட்டக் கூடாது, ஊதக் கூடாது. குண்டு தானாக உருண்டு டின்னில் 'டங்' என்று விழ வேண்டும். விழுந்தால் போல்ட்டை முறுக்கலாம். நடுவில் நின்றால், "குண்டுக்கே வழி தெரியல, எண்ணெய்க்கு எப்படிடா தெரியும்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழாயை வளைக்கப் போய்விடுவார். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை.

இனி என் மச்சானுக்கு வருகிறேன். கமலாவின் அண்ணன் ராசையா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பண்டமாரானில் வீடு. அப்பா இல்லாத குடும்பத்தைத் தோளில் சுமந்தவர். பேச்சு குறைவு, ரோஷம் அதிகம். தன் காரின் எஞ்சின் தேய்ந்துபோனபோது, என் பேச்சைக் கேட்டு ஹாஃப்-கட் டர்போவுக்குச் சம்மதித்தார். வேலையை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் செய்தோம். புது எஞ்சினின் சம்ப் காரின் குறுக்குச் சட்டத்தில் இடித்ததால் பழைய சம்ப்பையே மாட்டினோம். அதில் டர்போவுக்கு வழி இல்லை. முன்பக்கச் சுவரில் துளை போட்டு ஒரு குட்டிக் குழாயை வெல்டிங் வைத்தோம். ஏர்-கான் கம்ப்ரெசர் நடுவில் நின்றதால் ஹோஸ் அதைச் சுற்றிக்கொண்டு போனது. இறக்கம் கொஞ்சம் குறைவுதான், ஆனாலும் குண்டு விழுந்தது. மச்சான் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார். துறைமுகத்துக் கூட்டாளிகளிடம் "எம் மச்சான் செஞ்சது" என்று சொல்லிப் பீற்றிக்கொண்டாராம். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்ததைக் கமலா என்னிடம் பத்துத் தடவை சொன்னாள்.

சில மாதம் ஒரு குறையும் இல்லை. அந்த வருட மழையில் பண்டமாரானில் வெள்ளம் ஏறி மச்சான் வீட்டு வாசல்வரை வந்தது. அதன் பிறகு அவர் கார் நிற்கும் போர்ச்சைச் சிமெண்ட் போட்டு உயர்த்தினார். நானும்தான் அன்றைக்கு வாளி தூக்கினேன். அடுத்த சில வாரத்தில் கார் புகைய ஆரம்பித்தது.

காலையில் மட்டும். வீட்டில் மட்டும். பிரிக்பீல்ட்ஸுக்கு ஓட்டிக்கொண்டு வந்தால் ஒரு பொட்டுப் புகை இல்லை. சோங் அண்ணன் டர்போவின் அச்சை விரலால் ஆட்டிப் பார்த்தார். குண்டைப் போட்டார், 'டங்'. எஞ்சினின் மூச்சுக்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார். கடைசியில் வேறொரு டர்போவையே மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை பண்டமாரானில் பழையபடி புகை. பக்கத்து வீட்டு அம்மா காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய் வாடை அடித்து, அவர் ஜன்னலை அறைந்து சாத்துகிற சத்தம் மச்சானுக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்திருக்கிறது.

மச்சான் வொர்க்‌ஷாப்புக்கு வந்து, எல்லோர் முன்னாலும் கேட்டார். "இங்க வந்தா நல்ல புள்ள மாதிரி நிக்குது. அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படி யாரு சொன்னா மச்சான்? இங்க புகை வரலையே, நான் எதைப் பாத்துச் சரி பண்றது?"

"வேலியில போன ஓணானை மடியில எடுத்து விட்டுட்டீங்க லா. இப்ப குடையுதேன்னு சொன்னா, எங்க குடையுதுன்னு என்னையே கேக்குறீங்க." சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அது வெறும் கார்ச் சண்டையாக இருந்திருந்தால் விட்டுத் தள்ளியிருப்பேன். கமலாவின் தங்கை வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண் பண்டமாரான் வீட்டு வாசலிலிருந்து அந்தக் காரில்தான் கோயில் மண்டபத்துக்குப் புறப்பட வேண்டும் என்பது மச்சானின் ஆசை. ஊர் வாடகைக் காரில் தங்கையை ஏற்றி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. இப்போது அவர் கமலாவிடம் சொல்லிவிட்டார்: "ஒம் புருஷன் தொட்ட காருல எந் தங்கச்சி ஏற மாட்டா. அவரு வேணும்னா விருந்துக்கு வரட்டும், என் வாசலுக்கு வர வேணாம்." கமலா இரண்டு பக்கமும் போக முடியாமல் நடுவில் நின்றாள். பிறந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கல்யாணப் புடைவை எடுக்கக்கூடப் போகவில்லை. "எனக்கு அண்ணனும் வேணும், நீங்களும் வேணும். ஒரு காரு என்னைக் கொல்லுதே" என்று அடுப்படியில் அழுதபோது, உலகத்தில் உள்ள டர்போ அத்தனையையும் கிள்ளான் ஆற்றில் கொட்டிவிடலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

என் முகத்தைப் பார்த்துச் சோங் அண்ணன் விசாரித்தார். சொன்னேன். பிளம் கொட்டையைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ்டர் மணியம், நீங்க காலையில அந்த வீட்டுல நின்னு அந்தப் புகையைப் பாத்திருக்கீங்களா?"

"இல்லண்ணே."

"நானும் பாக்கல. பாக்காத நோய்க்கு ரெண்டு பேரும் மருந்து குடுத்துக்கிட்டு இருக்கோம். ஞாயித்துக்கெழம போறோம்."

"மச்சான் என்னை வாசப்படி ஏற விடமாட்டாரு."

"எனக்கு யாரும் அப்படிச் சொல்லலையே. நீங்க எம் பின்னாடி வாங்க."

போனோம். கதவைத் திறந்தவர் என் மாமியார். சோங் அண்ணன் கைகூப்பி, "ஆத்தா, ஒரு வாய் தேத்தண்ணி கெடைக்குமா?" என்றார். மாமியார் வாய் பிளந்து நின்றார். எந்தத் தோட்டம், எந்த லயத்துப் பக்கம் என்று விசாரணை தொடங்கி, சோங் அண்ணனின் அப்பா கடையில் மாமியார் கருவாடு வாங்கிய கதை வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே இருந்து கைலியோடு வந்த மச்சான் என்னைப் பார்த்ததும் நின்றார். தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும் விருந்தாளியின் முன்னால் அவருக்குக் கத்தவும் வழியில்லை.

"அண்ணே, தெனமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க. எங்களைப் பாக்காதீங்க" என்றார் சோங் அண்ணன்.

மச்சான் காருக்குச் சூடம் காட்டினார். சாவியைப் போட்டு எஞ்சினை உயிர்ப்பித்தார். அது சூடாகட்டும் என்று விட்டுவிட்டு, வழக்கம்போல் சாமி அறைக்குள் போனார். நான் புகைக்குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரம் பாதியில் இருக்கும்போது நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பியது. எங்கள் கண் முன்னாலேயே. பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தப்பட்டது.

சோங் அண்ணன் புகையைப் பார்க்கவே இல்லை. சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து காரின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முட்டுக்கொடுத்து ஒரு செங்கல் இருந்தது.

"இந்தக் கல்லு எதுக்குண்ணே?" என்று, சாமி அறையிலிருந்து வெளியே வந்த மச்சானைக் கேட்டார்.

மச்சான், இதுகூடத் தெரியாதா என்பது போல், "இல்லாட்டி ரோட்டுக்கு உருண்டு போயிரும்ல? தண்ணி வடியணும்னு சாய்வா போட்டிருக்கு" என்றார்.

"முன்னாடி எல்லாம் மூக்கை வீட்டுப் பக்கம் வச்சா நிப்பாட்டுவீங்க?"

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. "நாந்தான் மாத்தச் சொன்னேன். கல்யாணம் நடக்கப்போற வீடு. வண்டி வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கலாமா? பூசாரியும் அதான் சொன்னாரு. ரிவர்ஸ் போட்டு உள்ள வந்தா முகம் தெருவைப் பாக்கும்."

சோங் அண்ணன் சிரித்துவிட்டார். "டேய் மணியம், இங்க வாடா" என்றார். அந்த 'டேய்' காதில் விழுந்ததும் என் வயிற்றில் பால் வார்த்தது.

எஞ்சின் ஆறும்வரை தேத்தண்ணி குடித்தோம். பிறகு நான் காருக்கு அடியில் புகுந்து சம்ப்பிலிருந்து ஹோஸை உருவினேன். உருவிய வேகத்தில் சம்ப்பின் வாயிலிருந்தே எண்ணெய் என் கையில் கொட்டியது. வொர்க்‌ஷாப்பின் மட்டமான தரையில் அந்த வாய் எண்ணெய்க்கு மேலே இருந்தது. இங்கே கார் மூக்கைக் கீழே குத்தி நின்றதால், சம்ப்பில் இருந்த எண்ணெய் எல்லாம் முன்பக்கம் ஓடிவந்து வாயை மூடியிருந்தது. ஹோஸில் இருந்த கொஞ்சநஞ்ச இறக்கமும் போயிருந்தது. சோங் அண்ணன் மேல்பக்கத்துப் போல்ட்டைத் தளர்த்திச் சட்டைப் பையிலிருந்து குண்டை எடுத்தார். மச்சானைக் கூப்பிட்டுப் பால் டின்னை அவரையே பிடிக்கச் சொன்னார்.

"இந்தக் குண்டு விழுந்தா எங்க வேலை சரி. விழலேன்னா எங்க வேலை தப்பு. நீங்களே பாருங்க."

போட்டார். கொஞ்ச தூரம் உருண்ட சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மச்சான் டின்னைப் பிடித்தபடியே இருந்தார். மாமியார் எட்டிப் பார்த்தார். குண்டு வரவே இல்லை.

"அப்ப என் கார் கெட்டுப்போவல?" என்றார் மச்சான் மெதுவாக.

"இல்லண்ணே. நீங்க சொன்னது பூரா நெஜம்" என்றார் சோங் அண்ணன்.

காரைத் திருப்பி நிறுத்தினால் அன்றைக்கே தீர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். மாமியார் முகம் சுருங்கியது. மச்சான் அம்மாவைப் பார்த்தார். அம்மா பேச்சை மீற மாட்டார், புகையோடு வாழ வேண்டியிருந்தாலும். சோங் அண்ணன் என் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"திருப்ப வேணாம். அவங்க வண்டி, அவங்க வாச. எப்படி வேணா நிக்கட்டும். நாமதான் நம்ம தரையை வச்சு அளந்துட்டோம், அவங்க வீட்டைப் பாக்கல. தப்பு வொர்க்‌ஷாப்போடது, போர்மேன் நானு." ஒரு சாதாரண கிரேன்காரர் வீட்டுப் போர்ச்சில், கையெல்லாம் எண்ணெயாக நின்று அவர் இதைச் சொன்ன விதத்தை நான் மறக்கவே மாட்டேன். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்துவிட்டேன், இப்படி ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை.

காரைப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுபோய் சம்ப்பை இறக்கினோம். முன்பக்க வாயை அடைத்து, பக்கச் சுவரில், எஞ்சினோடு சேரும் விளிம்புக்குச் சற்றுக் கீழே புது வாய் வைத்தோம். வெல்டிங் துளி ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாதென்று மண்ணெண்ணெயில் கழுவி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடியும் கழுவினோம். கம்ப்ரெசரின் தாங்கியை வெட்டித் திருப்பி வைத்து அதன் குறுக்கீட்டை நீக்கினோம். ஹோஸ் வளைந்து சுற்றிய இடத்தில் அகலமான இரும்புக் குழாயை நேரே இறக்கி, கடைசியில் மட்டும் ஒரு சாண் ஹோஸ். பிறகு சோங் அண்ணன் ரயில் பாதை ஓரத்தில் கழித்துப் போட்டிருந்த கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து அடுக்கி ஒரு சாய்வு மேடை கட்டினார். காரை மூக்குக் கீழாக நிறுத்திக் குண்டைப் போட்டார். 'டங்'. மூக்கு மேலாக நிறுத்திப் போட்டார். 'டங்'. ஒரு பக்கம் ஜாக் வைத்துச் சாய்த்தும் போட்டார். அந்த மேடை அந்த வொர்க்‌ஷாப் மூடும்வரை இருந்தது. அதில் ஏறி இறங்காமல் ஒரு டர்போ காரும் எங்கள் வாசலைத் தாண்டவில்லை. குண்டை மட்டும், மச்சான் வந்து காரை எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து காணவில்லை. சோங் அண்ணன் வேறொரு பேரிங்கை உடைத்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காலை நான் மச்சான் வீட்டுத் தெருவில், லொங்காங் என்கிற சாக்கடைக்கு இந்தப் பக்கமே நின்றேன். வாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்னவர் வா என்று இன்னும் சொல்லவில்லை. கமலா மட்டும் உள்ளே போயிருந்தாள். மல்லிகைச் சரம் சுற்றிய கார், முகம் தெருவைப் பார்த்து, செங்கல்லை முட்டிக்கொண்டு நின்றது. மச்சான் சூடம் காட்டி எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டு, வழக்கம்போல் உள்ளே போனார். வசந்தா சாமி கும்பிட்டு, பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்து வருவதற்குள் எனக்கு ஒரு யுகம் ஆனது. புகைக்குழாயைப் பார்க்கப் பயந்து பக்கத்து வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்தே இருந்தது. அந்த அம்மா மணப்பெண்ணைப் பார்க்க எட்டி நின்றார். வாசலில் ஊதுபத்திப் புகையைத் தவிர வேறு புகை இல்லை.

அக்காவும் தங்கையும் பின்சீட்டில் ஏறினார்கள். மச்சான் ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு, முன் சக்கரத்தடியில் குனிந்து செங்கல்லை எடுத்தார். எங்கே வைப்பது என்று பார்க்கிற மாதிரி சுற்றிப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்து நீட்டினார். "இதைப் புடிங்க மச்சான். உள்ள போர்ச்சுல வச்சுட்டு முன் சீட்டுல ஏறுங்க. நேரமாவுது." நான் செங்கல்லைச் சுமந்துகொண்டு அந்த வாசலுக்குள் போனேன். பின்சீட்டில் கமலா கண் மையெல்லாம் கரைய அழுதுகொண்டிருந்தாள். தங்கை கல்யாணத்துக்கு அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

மச்சான் அந்தச் சண்டையைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. வருடங்கள் ஓடின, அந்தக் காரையும் விற்றுவிட்டார். ஒருமுறை ஆயுத பூசைக்கு நாங்கள் பண்டமாரானுக்குப் போயிருந்தோம். சாமி படத்துக்கு முன்னால் தட்டில் கிரேன் சாவி, ஸ்பேனர்கள், எலுமிச்சம்பழம். அவற்றின் நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு இரும்புக் குண்டு. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன்.

மச்சான் என் கையைத் தட்டிவிட்டார். "கையை எடுங்க லா மச்சான். பூசைக்கு வச்சது."